ஒளியை முந்திக்கொண்டு வந்த ஆப்பிள்கள்

சந்திரகுமார் மாஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பதில் தெரியாத கேள்வியை யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்கிற ஆள் இல்லை அவர். தெரியாததையும் மூன்று நிறத்தில் படம் போட்டு விளக்குவார். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு பேக்கரியின் மேல்மாடியில், இருபத்து மூன்று வருடமாக உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு நடத்தி அவர் பிழைத்து வருவதே இந்தப் பழக்கத்தால்தான் என்று அவருடைய மனைவி லோஜினி சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவருக்கு வகுப்பெடுக்கிற மனமே இல்லை. லோஜினியின் கழுத்தில் ஒரு கட்டி. பாக்கு அளவு இருக்கும். செவ்வாய்க்கிழமை கண்டியில் ஒரு டொக்டர் அதில் ஊசி குத்தி, கொஞ்சம் உறிஞ்சியெடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார். திங்கட்கிழமைதான் ரிப்போட். நல்லதோ கெட்டதோ, அந்தக் கண்ணாடியில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, வாசிக்கத்தான் இன்னும் ஆளில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. நான்கு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முன் வாங்கில் நிருஷா கையைத் தூக்கினாள். அவள் கை தூக்கினால் பாடத்திட்டத்துக்கு வெளியேதான் போகவேண்டி வரும்.

"சேர், ஒளிய விட வேகமா போனா காலம் பின்னுக்குப் போகுமாமே. உண்மையா?"

"பரீட்சைக்கு வருமா அது?"

"வராது சேர்."

"அப்ப கட்டாயம் படிக்கணும்."

வகுப்பு சிரித்தது. மாஸ்டருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பலகையில் ஒரு பஸ்ஸை வரைந்தார். ஒளியைவிடக் கொஞ்சமே குறைந்த வேகத்தில் ஓடுகிற கலகெதர பஸ் என்றார். கலகெதர பஸ் இப்போதே அந்த வேகத்தில்தான் ஓடுகிறது என்று பின் வாங்கு சத்தியம் செய்தது.

"சரி. நான் இங்கயிருந்து ஒரு செய்தி அனுப்புறேன். ஒளிய விட வேகமா போகுது. பஸ்ஸுல போறவனுக்கு அத பார்த்தா எப்படித் தெரியும் தெரியுமா? செய்தி முதல்ல வந்து சேர்ந்துருச்சு, பிறகுதான் நான் அனுப்புனேன். அவன் கணக்குல அதுதான் சரி. அவனும் அதே மாதிரி வேகமா ஒரு பதில் அனுப்பினான்னு வையுங்க. நான் கேள்வி கேக்க முந்தியே பதில் என் கையில இருக்கும்."

"அப்ப பேப்பர் வர முந்தி விடை வந்துரும்!"

"வரும். வந்த விடைய நீ பார்த்து எழுதுவ. எழுதினதையே பிறகு பின்னுக்கு அனுப்பி வைப்ப. சரி, கணக்க செஞ்சது யாரு?"

வகுப்பு பலகையில் இருந்த பஸ்ஸைப் பார்த்தது.

"யாருமே செய்யல்ல சேர்," என்றது பின் வாங்கு.

"அதான் பிரச்சினை. எங்கயிருந்து வந்துச்சுன்னு கேட்டா பதிலில்லாத ஒரு பதில். அதுக்குத்தான் படிச்சவங்க ஒளிய விட வேகமா எதுவும் போகாதுன்னு பிடிவாதமா நிக்கிறாங்க. போனா, விளைவு முந்தி வரும், காரணம் ஆறுதலா பின்னால வரும். முதல்ல உன்னைப் பார்க்க ஆப்பிளோட ஆள் வரும், பிறகுதான் உனக்குக் காய்ச்சலே..."

அங்கே நின்றுவிட்டார். வேறு உதாரணமா கிடைக்கவில்லை? மார்க்கரை மூடி, வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாகவே கலைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

வீடு பத்து நிமிட ஏற்றத்தில், ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்தது. உள்ளே போனதும் மேசையைப் பார்த்தார். ஆறு ஆப்பிள்கள். கறுப்புத் திராட்சை ஒரு குலை. மால்ட் பக்கெட் இரண்டு. கிரீம் கிரக்கர் ஒன்று. சுகமாக இருக்கிற வீட்டுக்குள் ஒரே காலையில் ஆறு ஆப்பிள்கள் நுழைவதில்லை என்பது அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

லோஜினி தையல் மெஷினுக்கு முன்னால், மெஷினைத் தொடாமல், உட்கார்ந்திருந்தாள். வீட்டு முன்னறைதான் அவளுடைய தையல் கடை. சுவரோரம் கட்டியிருந்த நைலோன் கயிற்றில், பெயர் எழுதிய துண்டு குத்திய ஜாக்கெட் துணிகள் எப்போதும் நெருக்கமாகத் தொங்கும். இன்றைக்கு அதில் இரண்டுதான் தொங்கின. இரண்டும் அவளுடையவை.

"யாரு வந்தது?"

"யாரு வரல்லன்னு கேளுங்க. முதல்ல எதிர்வீட்டு றம்லத் ராத்தா. மக கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த நாலு துணியையும் கேட்டாங்க. 'அவசரமே இல்ல தங்கச்சி, நீங்க ஒடம்ப பாருங்க'ன்னு சொல்லிட்டு அவசரமா மடிச்சு பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. பிறகு மேல் வீட்டு அக்கா. பிறகு இன்னும் ரெண்டு பேரு. எல்லாரும் பழத்த வச்சாங்க, துணிய எடுத்தாங்க."

"என்னதான் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல்ல. அதான் பயமா இருக்கு. ஒருத்தரும் என் கழுத்த பார்க்கல்ல. கலண்டர பார்த்துக்கிட்டே பேசினாங்க." அவள் நிமிர்ந்தாள். "ரிப்போட் வந்துருச்சா?"

"திங்கக்கிழமைதானே..."

"உங்களுக்குப் போன்ல சொல்லிட்டாங்களா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல லோஜினி."

"நேத்து மத்தியானம் குழம்புல உப்பே இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லல்ல. பேசாம சாப்பிட்டீங்க. இருபது வருசத்துல ஒரு நாள் அப்படிச் சாப்பிட்டிருக்கீங்களா? அப்பவே எனக்குத் தெரியும், உங்களுக்கு எல்லாம் தெரியும்னு."

உப்பில்லை என்பதே மாஸ்டருக்கு இப்போதுதான் தெரியும். இதைச் சொன்னால் இன்னும் மோசமாகப் போகும்.

இருவருக்குமே தெரியாத ஒன்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஒழுங்கையில் நான்கு பேருக்கு. அப்படியென்றால் யாரோ ரிப்போட்டைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல ரிப்போட்டுக்கு யாரும் கல்யாண ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கமாட்டார்கள். மாஸ்டர் தன் வாழ்நாளில் செய்த கணக்குகளிலேயே இது ஒன்றுதான் ஒரு வரியில் முடிந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் எதிர்வீட்டுக்குப் போனார்.

றம்லத் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவரைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாஸ்டர், மனச தளர விட வாணாம். அல்லா ஈக்கிறான்."

"ராத்தா, உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? நாங்க துணிய எடுத்தது அந்தப் புள்ளைக்குக் கஷ்டம் வரக்கூடான்னுதான். தப்பா நெனைக்க வாணாம்."

"தப்பா நினைக்கல்ல. யாரு சொன்னாங்க?"

"துணிக்கடைல வேல செய்ற ஒங்கட நிலூஷாதான் சென்னா. அழுதழுது சென்னா, பாவம்."

நிலூஷா அவருடைய சித்தி மகள். மாஸ்டர் வீட்டுப் பின்புறம் போய், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அவளுக்குப் போன் போட்டார்.

"அண்ணே," என்றாள் அவள், அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் யாரோ மீட்டர் கணக்கில் துணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அம்மாதான்ணே சொன்னாங்க. உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு சொன்னாங்க. நீங்க தாங்க மாட்டீங்களாம்."

அம்மா என்றால் கலகெதரையில் இருக்கும் ராக்கம்மா சித்தி. அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தம்பி, நான் அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன். நீ ஒண்ணும் யோசிக்காத. இப்பல்லாம் அந்த வருத்தத்துக்கும் மருந்து இருக்கு."

அந்த வருத்தம். பெயரைச் சொன்னால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது போல, குடும்பத்தில் எல்லோரும் அந்த நோயை அப்படித்தான் சொல்வார்கள்.

"சித்தி, இன்னும் ரிப்போட்டே வரல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தம்பி, என்கிட்டயுமா மறைக்கிற? ஆஸ்பத்திரியில வேல பார்க்கிறவரே சொல்லிட்டாரு."

"யாரு?"

"நம்ம மூக்கையாதான்."

மாஸ்டர் தாங்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மூக்கையா அவரோடு ஒரே வாங்கில் படித்தவன். ஆஸ்பத்திரிச் சிற்றூழியன். கட்டிலைத் தள்ளுவான், கோப்புகளைத் தூக்குவான், எல்லா அறைக்குள்ளும் போவான் வருவான். அவன் பார்த்திருப்பான். கட்டாயம் பார்த்திருப்பான். பக்கத்துக் கொடியில் லோஜினியின் பச்சை நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்தார். ஒரு இலக்கத்தை அழுத்த இத்தனை பலம் வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

"மூக்கையா, நீ பார்த்தியாடா?"

"எதடா?"

"லோஜினி ரிப்போட்ட."

"நான் எங்கடா பார்த்தேன்? அது எந்த ஆய்வுகூடத்துல இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீதானே சொன்ன."

"நானா? எப்ப?"

"செவ்வாக்கிழமை. எனக்குப் போன் எடுத்த. கழுத்துல கட்டி வந்தா, ஊசி குத்திப் பார்த்தா, அது அந்த வருத்தந்தானான்னு கேட்ட."

மாஸ்டருக்குக் காது சூடானது. "அது... தெரிஞ்சவங்க ஒருத்தருக்குன்னுதானே கேட்டேன்!"

"பதினெட்டு வருசமா ஆஸ்பத்திரியில இருக்கேன்டா. தெரிஞ்சவங்களுக்குன்னு கேக்கிறவன் எல்லாம் வீட்டு ஆளுக்குத்தான் கேப்பான். அதோட நீ அழுத."

"நான் அழல்ல."

"மூக்க உறிஞ்சின."

"தடிமன் பிடிச்சிருந்துச்சு."

"சரி, தடிமன். எவ்வளவு காலம் தாங்கும்னு கேட்டியே, அதும் தடிமனுக்கா? மனசு கேக்கல்ல. உன் சித்திய பஸ்ஸுல கண்டேன். குமாருக்கு ஒரு ஆறுதல் சொல்லுங்க, லோஜினிக்குக் கழுத்துல என்னமோ போலன்னேன். அவ்வளவுதான்டா. அம்மா சத்தியமா அவ்வளவுதான்."

மாஸ்டர் போனை வைத்தார். வெற்றுப் பலகையைப் பார்ப்பது போல ஆகாயத்தைப் பார்த்தார். செய்தி அவருடைய வாயிலிருந்து புறப்பட்டது. அப்போது அதில் ஒரு கேள்விக்குறி இருந்தது. மூக்கையாவிடம் அது கொஞ்சம் தேய்ந்தது. கலகெதரையில் விழுந்தே விட்டது. துணிக்கடையில் கண்ணீர் சேர்ந்துகொண்டது. றம்லத்தின் கையால் ஆறு ஆப்பிளோடு அவருடைய மேசைக்கே பதிலாகத் திரும்பி வந்தது. நடுவில் ஒருவராவது அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்தார்களா? இல்லை. கணக்கை யாருமே செய்யவில்லை.

முதலில் அவருக்கு ஆனந்தமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது! அரை நிமிடம் தண்ணீர்த் தாங்கியோடு சேர்த்துத் தன்னையும் தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது. அடுத்த அரை நிமிடத்தில் முன்னறைக் கயிறு ஞாபகம் வந்தது. அதைக் காலியாக்கியவர் அவர்தான். ஆய்வுகூடம் எதையும் சொல்வதற்கு முன்பே, பெண்டாட்டியை நோயாளியாக்கி ஊரைக் கூட்டி வைத்தவர் அவர்தான்.

அந்த நேரத்தில் மாஸ்டருக்கு ஒளியை விட வேகமாக ஓடும் ஒரு வாகனம் உண்மையாகவே வேண்டியிருந்தது. விஞ்ஞானத்துக்காக அல்ல. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குப் போக. பரிசோதனை அறைக்கு வெளியே, படிக்கட்டுக்குக் கீழே, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் வாயை மூடி, மறு கையில் போனை வைத்திருந்த அந்த மொட்டைத்தலையனிடமிருந்து, தன்னிடமிருந்தே, போனைப் பிடுங்க. ஆனால் அவனை நன்றாக நினைத்துப் பார்த்தபோது, அவ்வளவு தூரம் போனாலும் பிடுங்க மனம் வந்திருக்காது என்று தோன்றியது. அவ்வளவு பயந்து போயிருந்தான். தோளில் ஒரு கையை வைத்துவிட்டுத் திரும்பி வந்திருப்பார். காலம் மாறியே இருக்காது.

உள்ளே போனார். லோஜினி நூல் கட்டை ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றார். ஒரு நகைச்சுவையும் இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். தடிமன் என்று சொன்ன பொய்யையும் விடவில்லை.

நூல் கட்டை கையிலிருந்து விழுந்து மெஷினுக்கடியில் ஓடியது. அவள் அதை எடுக்கவில்லை.

"என்கிட்ட கேக்க முடியாதத மூக்கையாகிட்ட கேட்டீங்களா?"

"உன்கிட்ட எப்படி லோஜினி கேப்பேன்?"

"நான் உங்ககிட்டத்தான் கேக்கணும்னு இருந்தேன். அந்த வருத்தமா இருந்தா நாம என்ன செய்வோம்னு. நாலு நாளா வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரியுறேன். நீங்க என்னடான்னா கலகெதரைக்கு அனுப்பிட்டீங்க."

"இப்ப கேளு."

"அதுவா இருந்தா என்ன செய்வோம்?"

மாஸ்டர் கைகள் மார்க்கரைத் தேடுவது போல மேசையில் அலைந்தன. ஒரு ஆப்பிள்தான் அகப்பட்டது.

"தெரியாது," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் லோஜினி. பிறகு, "அத நல்லாக் கழுவுங்க. மேல மெழுகு பூசியிருப்பாங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். லோஜினி கதவைத் திறந்து, ரிப்போட் திங்கட்கிழமைதான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒவ்வொருவரும் தலையாட்டிவிட்டுக் கலண்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் நிமிடத்துக்கொரு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பயந்திருக்கிற மனிதனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளும் என்பதற்கும் யாராவது ஒரு சமன்பாடு எழுதியிருக்கலாம்.

திங்கள் காலை கண்டிக்கு பஸ் ஏறினார்கள். வாகன நெரிசலில் பஸ் நடந்து போனது. லோஜினி ஜன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாஸ்டர், போகாமலே இருந்தால் நல்லது என்றும் பறந்து போனால் நல்லது என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டார்.

ஆய்வுகூடத்தில் ரசீதுத் துண்டைக் கொடுத்ததும் ஒரு பெண் கடித உறையை நீட்டினாள். அவளுடைய முகத்தில் எதையாவது வாசிக்க முடியுமா என்று மாஸ்டர் பார்த்தார். அவள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். உறையை லோஜினி தன் கைப்பைக்குள் வைத்து, டொக்டரிடம் போகும்வரை பையை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் உறையைப் பிரித்தார். வாசித்தார். இவ்வளவு மெதுவாக வாசிக்கிற ஒருவரை எப்படி வைத்தியக் கல்லூரியில் சேர்த்தார்கள் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"சாதாரணக் கட்டிதான்," என்றார் டொக்டர், தட்டுத் தடுமாறிய தமிழில். "பயப்பட வேண்டியது ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க."

"கென்சர் இல்லையா?" என்று லோஜினி கேட்டாள். அந்தச் சொல்லை அவள் உரக்கச் சொல்லி மாஸ்டர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை."

வெளியே வந்ததும் மாஸ்டர் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு கடை நிழலில் நின்று, முதல் வேலையாகக் கலகெதரைக்குப் போன் போட்டார். கெட்ட செய்தி போன அதே பாதையில் நல்ல செய்தியையும் அனுப்பிவிட்டால் மாலைக்குள் ஒழுங்கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு.

"சித்தி, ஒண்ணுமில்ல! சாதாரணக் கட்டி! டொக்டரே சொல்லிட்டாரு!"

சித்தியின் குரல் தாழ்ந்தது.

"அவ பக்கத்துல நிக்கிறாளா தம்பி?"

"ஆமா, இங்கதான்..."

"அதான் அப்படிப் பேசுற. நல்லது, அப்படியே பேசு. நீ தனியா இருக்கும்போது எனக்குப் போன் எடு, நாம பேசுவோம்."

"சித்தி, உண்மையாவே..."

"எனக்கு விளங்குதுடா," என்று விம்மிவிட்டு ராக்கம்மா சித்தி போனை வைத்தாள்.

மாஸ்டர் திரும்பினார். லோஜினியிடம் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆப்பிள்கள் வந்தபோது அழாதவள், அவர் தன் குற்றத்தைச் சொன்னபோது அழாதவள், இப்போது பயப்பட ஒன்றுமில்லை என்றான பிறகு, நடைபாதையில் நின்று, கையில் ரிப்போட்டோடு, தோள் குலுங்க அழுதாள். பிடித்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அம்பிட்டியவில் இருக்கும் சரோஜினிதேவி டீச்சர் அந்த வழியாக வரவேண்டும்? யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர், லோஜினியிடம் மாதம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர். அவர் லோஜினியைப் பார்த்தார். கையிலிருந்த உறையைப் பார்த்தார். உறையில் இருந்த ஆய்வுகூடத்தின் பெயரையும் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கடவுளே!"

"இல்ல டீச்சர்," என்றார் மாஸ்டர் அவசரமாக, "நல்ல செய்திதான். ஒண்ணுமே இல்லன்னு..."

"ஓம் ஓம், அப்பிடித்தான் நினைக்க வேணும் மாஸ்டர். மனத்தைரியம்தான் பாதி மருந்து. இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் பின்னேரம் வீட்ட வாறன்." லோஜினியின் தலையைத் தடவிவிட்டு அவர் நடந்தார். பாதசாரிக் கடவைக்குப் போவதற்கு முன்பே கைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டார்.

மாஸ்டருக்கு எல்லாம் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அம்பிட்டிய. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டி டவுன் முழுக்க. பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் வாசலில் ஒரு தோடம்பழப் பை இருக்கும். கடவையில் இன்னும் சிவப்பு விளக்குத்தான். ஓடினால் பிடிக்கலாம். இருபது எட்டு இருக்குமா? ஒரு எட்டு வைத்தார்.

சட்டை பின்னால் இழுபட்டது.

"எங்க போறீங்க?"

"டீச்சருக்கு ஒரு நிமிசம் விளக்கிட்டு..."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் விளக்க வேணாம்," என்றாள் லோஜினி. "இங்கயே நில்லுங்க."

அவருடைய சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் அழத் தொடங்கினாள். கடவையில் விளக்கு மாறியது, டீச்சர் போனைக் காதில் வைத்தபடி எதிர்ப்பக்கம் போய் மறைந்தார். மாஸ்டர் நின்றார்.